வில் எங்கே முறியும்? சார்ங்கம், பனை, மூங்கில்

(ஒலிப்பதிவிலிருந்து வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தியது)

இன்னைக்கு எபிசோட் வில்லைப் பத்தி. அம்பு விடுறவங்களைப் பத்தி நம்ம ஊர்ல நிறைய கதை இருக்கு. ஆனா அந்த வில்லை யார் செஞ்சாங்க, எதுல செஞ்சாங்க, ஏன் அதுல செஞ்சாங்கன்னு கேட்டா கதை சட்டுனு நின்னுடுது. அந்த இடத்துலேர்ந்துதான் நாம ஆரம்பிக்கப்போறோம்.

ஸ்ரீரங்கம் கோயில்ல தாயார் சன்னதிக்கு எதிர்ல ஒரு மண்டபம் இருக்கு. கம்பர் தன்னோட ராமாயணத்தை அரங்கேற்றினது அங்கதான்னு மரபு சொல்லுது. அந்தக் காவியத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு இடம், ஜனகன் சபையில வில் உடையுற காட்சி. ராமன் வில்லை வளைச்சதைக் கூட்டம் பார்க்கவே இல்ல, அவ்வளவு வேகம். சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. பட்டிமன்றத்துல இதை எத்தனையோ வருஷமா ரசிச்சுப் பேசுறாங்க. இன்ஜினியரிங் படிச்ச ஆளுக்கு வர்ற கேள்வி வேற: அந்த வில் எங்கேர்ந்து முறிய ஆரம்பிச்சிருக்கும்?

பதில் ரொம்ப சுலபம். முதுகுல.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து வளைங்க. வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும், நடுவுல ஒரு அடுக்கு மட்டும் ரெண்டும் இல்லாம சும்மா இருக்கும். வில்லும் இதேதான். இலக்கைப் பார்க்குற பக்கம் முதுகு, எய்யுறவரைப் பார்க்குற பக்கம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு நீளுது, வயிறு நசுங்குது. மரத்துல ஓடுற நார் முழுசா, அறுபடாம இருந்தா நீட்சியைத் தாங்கும். ஒரு முடிச்சு இருந்தாலோ, வாளோ உளியோ அந்த நாரைக் குறுக்கே அறுத்திருந்தாலோ, அங்கே ஒரு சிலாம்பு எழும்பும். அப்புறம் டமார். வயிறு பொதுவா அப்படி வெடிக்காது, மெதுவா நசுங்கிச் சுருக்கம் விழும். வில் பலம் குறைஞ்சு கூன் போட்டுக்கும். அதாவது முதுகு போச்சுன்னா விபத்து, வயிறு போச்சுன்னா முதுமை.

உலகம் முழுக்க வில் செஞ்சவங்க எல்லாரும் மாட்டிக்கிட்டது இந்த ஒரே சிக்கல்லதான். ஒரே மரத்துகிட்ட ரெண்டு வேலை கேட்கிறோம்: முதுகுல நீளணும், வயித்துல அமுங்கணும். ரெண்டையும் நல்லா செய்யுற மரம் அபூர்வம். இங்கிலாந்துக்காரங்களுக்கு யூ மரம் கிடைச்சது. அதோட வெளிர் வெளிமரம் நீட்சிக்கு, சிவந்த உள்மரம் அமுக்கத்துக்குன்னு இயற்கையே ரெண்டு அடுக்கா செஞ்சு கொடுத்துச்சு. அது கிடைக்காதவங்க கையால அடுக்கு ஒட்டணும். முதுகுல வேற ஒரு பொருளைப் பட்டையா ஒட்டுறது, இன்னைக்கு லாமினேஷன்னு சொல்றோமே, அதுக்கு வயசு சில ஆயிரம் வருஷம்.

ஆசியாவோட புல்வெளி மக்கள் கண்டுபிடிச்ச பதில்தான் இதுல உச்சம். நடுவுல மெல்லிசா ஒரு மரம். வயித்துப் பக்கம் எருமைக் கொம்பைத் தகடா சீவி ஒட்டுவாங்க, கொம்பு அமுக்கத்துக்கு அசராது. முதுகுப் பக்கம் மாடு, மான் கால்ல இருக்கிற தசைநாரை நார்நாரா பிரிச்சு பசையில தோய்ச்சு ஒட்டுவாங்க. மரம் ஒரு சதவீதம் நீண்டாலே ஆபத்து. தசைநார் அதைவிடப் பல மடங்கு நீளும். அதனால வில்லைக் குட்டையா செய்யலாம், குதிரை மேல உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பி எய்யலாம்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். கௌடில்யரோட அர்த்தசாஸ்திரத்துல ஆயுதசாலை அதிகாரியைப் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு. அதுல வில் செய்யுற பொருள் நாலு வகைன்னு கணக்கு வருது: பனை, மூங்கில், மரம், கொம்பு. நம்ம பனைமரம் அந்தப் பட்டியல்லயே இருக்கு! நாலாவதா வர்ற கொம்பு வில்லுக்கு அங்கே இருக்கிற பேரு, சார்ங்கம்.

இந்தப் பேரை எங்கேயோ கேட்டிருக்கோமேன்னு தோணுதா? திருமாலோட வில்லுக்குப் பேரு சார்ங்கம். கும்பகோணத்துல சார்ங்கபாணி கோயிலே இருக்கு. சமஸ்கிருதத்துல சிருங்கம்னா கொம்பு, சார்ங்கம்னா கொம்பால ஆனது. அதாவது அந்த வில்லோட பேரே ஒரு மெட்டீரியல் ஸ்பெக். பேரை வச்சுப் பார்த்தா திருமால் கையில இருக்கிறது கொம்பும் நாரும் ஒட்டின கூட்டு வில்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு முரண் இருக்கு. மார்கழி மாசத்துக்கு இன்னொரு பேரு தனுர் மாசம், அதாவது வில் மாசம். ஸ்ரீரங்கத்துல விடியக்காலை திருப்பாவை கேட்கிற மாசம். திருப்பாவையோட நாலாவது பாட்டுல ஆண்டாள் மழையை வரச்சொல்லும்போது, சார்ங்கத்துலேர்ந்து பாயுற அம்பு மாதிரி பொழியச் சொல்றாங்க. கவிதையா அற்புதம். ஆனா நிஜமான ஒரு கொம்பு வில்லை மழையில எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்? அதை ஒட்டி வச்சிருக்கிறது தோல், நார் காய்ச்சி எடுத்த பசை. நம்ம தச்சர்கள் வஜ்ஜிரம்னு சொல்றாங்களே, அந்தக் குடும்பம். வஜ்ஜிரம் காய்ஞ்சா கல்லு, ஈரம் பட்டா களி. மழை நின்னு வெயில் அடிக்கிறதுக்குள்ள அடுக்கு வேற வேறயா பிரிய ஆரம்பிச்சிடும். அதனாலதான் கூட்டு வில் வச்சிருந்தவங்க அதுக்கு மேல மரப்பட்டை, தோல், அரக்குன்னு ஏதாவது சுத்தி, உறையில போட்டுக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டாங்க.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற ஒரு தீவுல, ஐப்பசி அடைமழையில, ஒரு கூட்டு வில்லைப் பராமரிக்கிறதை யோசிச்சுப் பாருங்க. அதுவும் ஒரு வில் இல்ல, ஒரு படைக்கு வேண்டிய வில்.

அதனால என்னோட கணிப்பு இது: பேரு வடக்கேர்ந்து வந்துச்சு, பொருள் வரலை. தமிழ்நாட்டுல பெரும்பாலும் இருந்தது நெட்டையான, ஒத்தைப் பொருள் வில். மூங்கில், பனை, இல்லைன்னா வைரம் பாய்ஞ்ச ஏதாவது ஒரு காட்டு மரம். தமிழ்லயே ஒரு தடயம் இருக்கு. சிலைன்னா வில். அதே சொல்லுக்கு அகராதியில மரம்னும் ஒரு பொருள் இருக்கு. மரத்தோட பேரும் வில்லோட பேரும் ஒண்ணுன்னா, நடுவுல கொம்பு, நார், பசைன்னு எதுவும் இல்லைன்னுதானே அர்த்தம்?

சரி, ஒத்தைப் பொருள்னா மட்டமான டெக்னாலஜின்னு நினைச்சுடாதீங்க. மூங்கிலும் பனையும் உண்மையில மரமே இல்ல, ரெண்டும் புல்லோட உறவு. ரெண்டுலயும் பலமான நார் எல்லாம் வெளிப்பக்கம் நெருக்கமா இருக்கும், உள்ளே போகப்போக சோறு மாதிரி மெத்துனு ஆயிடும். வீட்டுக்குப் பனஞ்சட்டம் போட்டவங்களைக் கேளுங்க, கருப்பா இருக்கிற அந்த வெளிவைரத்துல ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். அதாவது முதுகுக்கு வேண்டிய பட்டையை இயற்கையே ஒட்டிக் கொடுத்திருக்கு, அதுவும் மழையில பிரியாத பசையில.

இந்த வகை வில்லுக்கு ஒரே விலை, நீளம். குட்டையா செஞ்சா முறியும். அதனால ஆள் உயரத்துக்குச் செய்யணும். அலெக்ஸாண்டரோட கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் சொன்னதை வச்சு அர்ரியன் எழுதினது இது: இந்தியக் காலாட்படை வீரனோட வில் அவன் உயரம் இருக்கும், அதைத் தரையில ஊன்றி இடது காலால அழுத்தி நாணை இழுப்பான், அம்பு கிட்டத்தட்ட மூணு முழம், அதுக்குக் கேடயமும் நிக்காது கவசமும் நிக்காது. இவ்வளவு பலமான வில் கி.மு. 326ல போரஸ் சண்டையில என்ன ஆச்சு? ராத்திரி மழை, தரை சேறு. வில்லை ஊன்ற முடியாம வழுக்குச்சுன்னு கர்ட்டியஸ் எழுதியிருக்கார். இங்க மழை வில்லைக் கெடுக்கலை, தரையைக் கெடுத்துடுச்சு.

அது பஞ்சாப். நம்ம பக்கம் இதுக்கு ஒரு பேர் இருக்கு, வல்வில் ஓரி. கொல்லிமலைத் தலைவன். புறநானூறு 152ல வன்பரணர் பாடுற வேட்டையில ஒரே அம்பு யானையை வீழ்த்தி, வாய் பிளந்த புலியைக் கொன்னு, மானைச் சாய்ச்சு, பன்றியை உருட்டி, கடைசியில புத்துக்குள்ள இருந்த உடும்புல போய் நிக்குது. ஃபிசிக்ஸ் கேட்டுச் சண்டைக்கு வராதீங்க. எனக்குப் பிடிச்சது அந்த வரிசை. மிருகம் படிப்படியா சின்னதாகுது. அம்போட சக்தி குறைஞ்சுக்கிட்டே போகும்னு பாடினவருக்குத் தெரிஞ்சிருக்கு. பேர்ல இருக்கிற வல் கூட சும்மா இல்ல, இழுக்கக் கஷ்டமான வில் அது. திருச்சிலேர்ந்து காவிரியோரமா மேற்கே போனா கரூர். அங்க அமராவதி ஆத்துல கிடைச்ச சேரர் காசுகள்ல வில்லும் அம்பும் பொறிச்சிருக்கு. ஒரு அரச குடும்பம் தன்னோட லோகோவாவே வச்சுக்கிட்ட பொருள் இது.

சோழர் காலத்துக்கு வந்தா, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல படைப்பிரிவு பேரெல்லாம் வருது. அதுல ஒண்ணு பண்டித சோழத் தெரிந்த வில்லிகள். தெரிந்தன்னா பொறுக்கி எடுத்த. எலைட் யூனிட்னு வச்சுக்கோங்க. ஆனா அவங்க கையில இருந்த வில்லுல ஒண்ணுகூட நமக்கு மிஞ்சலை. மரம், மூங்கில், கரையான், பருவமழை, முடிஞ்சது கதை.

வில் மிஞ்சலை. ஆனா வில்லைப் பிடிச்ச கை மிஞ்சியிருக்கு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல பருத்தியூர்லேர்ந்து வந்த சோழர் கால ராமர் செப்புத்திருமேனி இருக்கு. வில்லைத் தனியா செஞ்சு மாட்டுவாங்க, அது தொலைஞ்சு போச்சு. இடது கை மட்டும் மேல உயர்ந்து, இல்லாத ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அடுத்த தடவை போனா அந்தக் கை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாருங்க. இடுப்புல இல்ல, தொடைப் பக்கம் இல்ல, நல்லா மேல. வில் தரையில ஊன்றி நிக்கணும், அதோட மேல்பகுதியை அந்தக் கை பிடிக்கணும். அப்ப வில்லோட நீளம் என்ன? ஏறக்குறைய ஆள் உயரம். சிற்ப மரபுன்னு ஒண்ணு இருக்கு, அதை அப்படியே போர்க்கள போட்டோவா எடுத்துக்க முடியாதுதான். ஆனாலும் அந்தச் சிற்பி மனசுல இருந்தது குதிரைக்காரனோட குட்டை வில் இல்ல. அர்ரியன் சொன்ன அதே நெட்டை வில்.

இதோட விலையைத் தென்னிந்தியா பதினஞ்சாம் நூற்றாண்டுல கொடுத்துச்சு. 1371ல விஜயநகரத் தளபதி கோபண்ணா ஸ்ரீரங்கத்துக்கு அரங்கனைத் திரும்பக் கொண்டுவந்தப்புறம் இந்த ஊர் விஜயநகர உலகத்துக்குள்ள வந்துடுச்சு. அந்த அரசுல 1424லேர்ந்து 1446 வரைக்கும் ஆண்டவர் இரண்டாம் தேவராயர். பாமினி சுல்தான்கள்கிட்ட ஏன் திரும்பத் திரும்ப அடி வாங்குறோம்னு அவர் சபையைக் கூட்டிக் கேட்டதா ஃபெரிஷ்டா எழுதியிருக்கார். வந்த பதில் ரெண்டு: அவங்க குதிரை ஒசத்தி, அவங்க வில்லாளிகள் ஒசத்தி. தேவராயர் என்ன செஞ்சார் தெரியுமா? முஸ்லிம் வில்லாளிகளை வேலைக்கு எடுத்தார், நிலம் கொடுத்தார், தலைநகர்ல மசூதி கட்டிக்கொடுத்தார், அவங்க வணங்குறதுக்குத் தோதா சிம்மாசனத்துக்கு முன்னாடி குர்ஆனை வச்சார். தன்னோட ஆட்களுக்கும் வில் பயிற்சி கொடுக்க வச்சார். ஃபெரிஷ்டா நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு எழுதினவர், அவருக்கும் ஒரு பார்வை உண்டு. ஆனா ஒரு ராஜா தன்னோட டெக் ஸ்டாக் பழசாயிடுச்சுன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு மாத்தினதா ஒரு பதிவு, நம்ம வரலாற்றுல இது மாதிரி ரொம்ப இல்ல. குதிரை மேலேர்ந்து எய்ய நெட்டை வில் ஒத்துவராது. அந்த இடத்துல கூட்டு வில்தான் வேணும், அதைப் பராமரிக்கத் தெரிஞ்ச ஆளும் சேர்த்து வேணும்.

ஈரத்தோட தொல்லை மட்டும் தீரலை. பின்னாடி இந்தியாவுல முழுக்க எஃகாலயே வில் செய்ய ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் நிறைய அருங்காட்சியகத்துல பார்க்கலாம். கூட்டு வில் அளவுக்கு வேகம் கிடையாது, கை அதிரும். ஆனா கிடங்குல வருஷக்கணக்கா கிடந்தாலும் பிரியாது. அப்புறம் துப்பாக்கி. 1750கள்ல பிரெஞ்சுக்காரங்க ஸ்ரீரங்கத்துல தங்கி, ஆங்கிலேயர் திருச்சிக் கோட்டையில இருந்து சண்டை போட்டப்ப ரெண்டு பக்கமும் பேசினது பீரங்கி. வில் சந்தடி இல்லாம விலகிடுச்சு. தமிழ்ல மிஞ்சினது ரெண்டு. ஒண்ணு உண்டிவில். இன்னைக்கு அது கவட்டைக் கல்லெறி. ஒரு காலத்துல மண் உருண்டை எய்யுற நிஜ வில், சின்ன வயசு ராமன் கூனி முதுகுல அடிச்சது அதுலதான். இன்னொண்ணு வில்லுப்பாட்டு. பனையிலயோ மூங்கில்லயோ செஞ்ச ஆளை விட நீளமான வில், அதுல மணி கட்டி வீசுகோலால அடிச்சுக் கதை சொல்றாங்க. தமிழ்நாட்டோட மிகப்பெரிய வில் இப்ப ஒரு வாத்தியம். எனக்கு இதுல வருத்தமும் இல்ல, நல்லாதான் இருக்கு. ஆனா வில்லை எய்யுறதுக்காகச் செதுக்குற கை நம்மகிட்ட தொடரலை.

சரி, இருபதாம் நூற்றாண்டுக்கு ஒரு தாவு. கிளாரன்ஸ் ஹிக்மன்னு ஒரு அமெரிக்க இயற்பியலாளர். ராபர்ட் கோடார்டோட ராக்கெட்ல வேலை பார்த்தவர், 1930லேர்ந்து பெல் லேப்ஸ். ஓய்வு நேரத்துல வில்லை ஒரு சமன்பாடா பார்க்க ஆரம்பிச்சார். ஆங்கில வில்லோட வயிறு உருண்டையா இருக்கு, அதனால உச்சியில இருக்கிற கொஞ்சூண்டு மரம் மட்டும் எல்லா அமுக்கத்தையும் வாங்குது, வேஸ்ட்னு கணக்குல காட்டினார். கை தட்டையா, அகலமா இருக்கணும். அப்படித் தட்டை ஆனதும் முதுகுல பட்டை ஒட்டுறது சுலபம். ஹிக்மன் பட்டு நார் ஒட்டினார், 1940கள்ல ஃப்ரெட் பேர் மாதிரி ஆட்கள் ஃபைபர்கிளாஸுக்குப் போனாங்க. ஜப்பான்ல ஹெயான் காலத்துலயே மரத்து முதுகுல மூங்கில் பட்டை ஒட்டி இதே முடிவுக்கு வந்திருந்தாங்க. அதுவும் ஈரமான ஊர், மூங்கில் விளையுற ஊர். கவனிச்சீங்களா?

அதாவது இன்னைக்கு ஒருத்தர் திருச்சியில உட்கார்ந்து வில் செய்யணும்னா, சரியான பதில் முதுகுல மூங்கில், வயித்துல நல்ல கெட்டி மரம். எப்படின்னு சுருக்கமா சொல்றேன். முடிச்சு நெருக்கமில்லாத, சுவர் தடிமனான, நல்லா காய்ஞ்ச மூங்கிலைப் பிளந்து ஒரு பட்டை எடுக்கணும். வெளித்தோலைத் தொடவே கூடாது, மேல இருக்கிற பளபளப்பை லேசா சுரண்டினா போதும். பலமே அங்கதான். உள்பக்கத்தை இழைச்சு இழைச்சு நடுவுல 3 மில்லிமீட்டர், நுனியில அதைவிடக் குறைவா கொண்டுவரணும். இங்கதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. பட்டை தடிமனா இருந்தா பலம்தானேன்னு தோணும். இல்ல. மூங்கில் நீளவே மாட்டேன்னு அடம் பிடிச்சா மொத்தப் பாரமும் வயித்து மேல விழும், மரம் நசுங்கிடும். முதுகு வயித்தை ஜெயிக்கக் கூடாது.

ரெண்டு ஒட்டுற பரப்பும் துளி இடைவெளி இல்லாம பொருந்தணும். பசைக்கு இன்னைக்கு எபாக்ஸி, வஜ்ஜிரத்தோட தலைவலி இல்ல. கிளாம்ப் நிறைய இல்லைன்னா சைக்கிள் டியூபை நாடாவா வெட்டி இறுக்கிச் சுத்தலாம். ஒட்டும்போதே வில்லை எதிர்ப்பக்கமா ரெண்டு இஞ்ச் வளைச்சு வச்சுடணும். பசை இறுகினதும் அந்த வளைவு அப்படியே பூட்டிக்கும். நாண் ஏத்தினப்புறம் வில்லுக்குக் கிடைக்கிற கூடுதல் முறுக்கு அதுதான்.

அப்புறம் ஆரம்பிக்குது நிஜமான வேலை, ரெண்டு கையையும் சமமா வளைய வைக்கிறது. வயித்துப் பக்கம் மட்டும் சுரண்டணும். கொஞ்சம் சுரண்டு, நாணை இழுத்துப் பாரு, எங்க விறைப்பா இருக்குன்னு பென்சில்ல குறி, மறுபடி சுரண்டு. அகலத்தைப் பாதியாக்கினா விறைப்பு பாதியாகும், ஆனா தடிமனைப் பாதியாக்கினா எட்டுல ஒரு பங்கு ஆயிடும். தடிமன் மூணாம் அடுக்குல வேலை செய்யுது. அதனால ஒரு இழைப்பு அதிகமாப் போச்சுன்னா அன்டூ கிடையாது. நாள் முழுக்க பொறுமையா உட்கார்ந்தாதான் 40 பவுண்டு வில் 40 பவுண்டாவே நிக்கும், இல்லைன்னா குழந்தை விளையாட்டு வில்.

நாட்டுல இந்தக் கலை முழுக்கச் செத்துடலை. தேசிய வில்வித்தைப் போட்டிகள்ல இந்தியன் ரவுண்டுன்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல மூங்கில் வில்தான். ஜார்கண்ட் பக்கம் எத்தனையோ பிள்ளைங்க அந்த வில்லுலேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க. வயநாட்டுக் குறிச்சியர்கள் வில்லோட 1812ல கம்பெனியை எதிர்த்து நின்னவங்க. நம்ம கொல்லிமலை செம்மேட்டுலயும் ஆடி மாசம் வல்வில் ஓரி விழா நடக்குது.

கடைசியா ஒண்ணு. யாராவது வில்லை உங்க கையில கொடுத்தா, அம்பு வைக்காம நாணை மட்டும் இழுத்து விட்டுப் பார்க்காதீங்க. அம்போட போக வேண்டிய மொத்த சக்தியும் வில்லுக்குள்ளயே திரும்பும், முதுகு பிளக்கிறதுக்கு அந்த ஒரு தடவையே போதும். கொடுத்தவர் அதைச் செதுக்க எத்தனை நாள் எடுத்துக்கிட்டார்னு அப்புறம் அவரே உங்களுக்குச் சொல்லுவார்.